பார்க்காமல் ஒரு மணி நேரம்

"நீ என்னைப் பாத்துக்கிட்டே இருக்க. அதுதான் எனக்கு வியாதி. வேற ஒரு வியாதியும் எனக்குக் கிடையாது." சொல்லிவிட்டு மாசிலாமணி கைப்பேசியைக் கட்டிலில் விட்டெறிந்து, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். ஐந்து மாதத்தில் அவர் சேர்ந்தாற்போல் பேசிய மிக நீளமான பேச்சு அதுதான் என்பது சுகந்திக்கு உறைக்கச் சற்று நேரம் பிடித்தது. அதற்குள் அவள் வாயில் பதில்கள் வரிசைகட்டி நின்றுவிட்டன. பாக்காம என்ன பண்றது, வேற ஏதாவது அழகா இந்த வீட்ல படுத்திருக்கா? பாத்துப் பாத்து எனக்கும்தான் கண்ணு பூத்துப்போச்சு, நான் யார்கிட்டப் போய் வியாதின்னு சொல்றது? அடுத்து வந்தது இன்னும் மோசம். எல்லாவற்றையும் விழுங்கினாள். இருபத்தெட்டு வருஷக் குடித்தனத்தில் அவள் விழுங்கிய பதில்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். இந்த ஐந்து மாதத்தில் விழுங்கியதை எண்ண ஆள் வைக்கவேண்டும். அதனால்தானோ என்னவோ நெஞ்சு எந்நேரமும் கரித்துக்கொண்டே இருக்கிறது. "சரி, பாக்கலை. பாக்கவே இல்லை. போதுமா?" என்று மட்டும் சொல்லிவிட்டு, ஊறப்போட்டிருந்த சின்ன வெங்காயத்தைப் பேசினோடு தூக்கிக்கொண்டு கூடத்துச் சாப்பாட்டு மேசைக்கு வந்தாள். அறைவாசலைப் பார்த்தபடி கிடந்த நாற்காலியை வேண்டுமென்றே சத்தம் வர இழுத்து, வாசலுக்கு முதுகைக் காட்டிப் போட்டு உட்கார்ந்தாள். சுவர்க்கடிகாரத்தில் பத்தடிக்கப் பத்து நிமிஷம். பதினொன்றுக்கு ஷாகுல் கார் கொண்டுவருவான். துறையூரிலிருந்து திருச்சிக்கு ஒன்றே கால் மணி நேரம். பன்னிரண்டரைக்கு டாக்டர், டோக்கன் பதினாலு. கார் வர இன்னும் ஒரு மணி பத்து நிமிஷம். அவ்வளவு நேரம் ஒரு மனுஷனைப் பார்க்காமல் இருக்க முடியாதா? ஊரில் எத்தனை பெண்டாட்டிகள் வருஷக்கணக்காகப் புருஷனைப் பார்க்காமலேயே குடும்பம் நடத்துகிறார்கள்.

டோக்கனால் வந்த வினை. கண் டாக்டரிடம் போகிறோம் என்றுதான் அவரிடம் சொல்லியிருந்தாள். கண் என்றால் மறுக்கமாட்டார். கண்ணாடி மாற்றி மூன்று வருஷமாகிறது, பேப்பரைக் கைநீட்டிப் பிடித்துப் படிக்கிறார், அல்லது படித்துக்கொண்டிருந்தார், பேப்பர் படிக்கிற நாளில். ஜாக்கெட் துணி எடுக்கப் போவதாகப் பொய் சொல்லிச் செவ்வாய்க்கிழமை தனியாகத் திருச்சிக்குப் பஸ் ஏறி, அந்த மனநல டாக்டரின் கிளினிக்கைத் தேடிக் கண்டுபிடித்து, முன்பதிவுப் படிவத்தை வாங்கினாள். அங்கேதான் சிஸ்டர் பெர்னதெத் நினைவில் வந்து கெடுத்தாள். முப்பத்தைந்து வருஷத்துக்கு முந்தைய விடுதிப் பள்ளி, வெள்ளை அங்கி, கையில் மர ஸ்கேல். படிவம் என்று எது வந்தாலும் பெரிய எழுத்தில் எழுது, கட்டத்துக்கு வெளியே போகாதே, என்ன கேட்டிருக்கிறதோ அதற்கு உள்ளதை எழுது. சுகந்தி உள்ளதை எழுதினாள். நோயாளியின் பெயர், வயது, தொழில். நோயாளியின் கைப்பேசி எண் என்ற இடத்தில் நோயாளியின் கைப்பேசி எண்ணையே எழுதினாள். ஒரு வாரமாகக் கூசாமல் பொய் சொன்னவளுக்கு ஒரு கட்டத்துக்குள் பொய் எழுத வரவில்லை. இன்று காலை ஒன்பதரைக்கு இட்லியைப் பிட்டுப்பிட்டுத் தட்டிலேயே வைத்துக்கொண்டிருந்தவரின் போன் சிணுங்கியது. குறுஞ்செய்தி. கிளினிக் பெயர், 'மனநல' என்ற சொல், டோக்கன் எண், அத்தனையும் வந்து விழுந்துவிட்டது. அவ்வளவு பொடி எழுத்தைக் கண்ணாடி போடாமலே ஒரே மூச்சில் படித்துவிட்டார் மனுஷன். கண்ணில் கோளாறே இல்லை என்பது அதிலேயே தெரிந்துபோயிற்று. அதைச் சொல்லிச் சிரிக்கலாம் என்று வாயெடுத்தவள் அவர் முகத்தைப் பார்த்தாள். கோபமாக இருந்தால்கூடத் தேவலை. பஸ்ஸில் யாரோ பர்ஸை அடித்துவிட்டது தெரிந்த மாதிரி, சட்டைப்பையைத் தடவிப் பார்த்துக்கொள்கிற மாதிரி ஒரு முகம்.

வெங்காயம் வழுக்கியது. தண்ணீரில் அரைமணி ஊறவைத்து உரிக்கிறவளுக்குக் கண் எரியாது, அழ ஒரு சாக்குக்கூடக் கிடைக்காது. கெட்டிக்காரத்தனத்தால் வந்த நஷ்டம் இது. முதுகுக்குப் பின்னால் கட்டில் ஒருமுறை கிரீச்சிட்டது. நல்லது. இருக்கிறார். நாற்காலி பழைய இடத்தில் கிடந்தவரை அவருடைய இடதுகால் கட்டைவிரல் அவளுக்குத் தெரியும். படுத்திருக்கும்போது அது தானாக லேசாக ஆடும், அவருக்கே தெரியாது. நாள் முழுக்க அரிசி களைகிறபோதும் காய் நறுக்குகிறபோதும் அந்த விரலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். மற்றவர்கள் சீரியல் பார்க்கிற மாதிரி. வார்னிஷ் அடிக்கணும் என்று சொல்லி ஆசாரியைக் கூப்பிட்டு அறைக்கதவின் தாழ்ப்பாளையும் குளியலறைத் தாழ்ப்பாளையும் கழற்றி வாங்கிக்கொண்டாள். வார்னிஷ் இன்றுவரை வரவில்லை, அவரும் ஏன் என்று கேட்கவில்லை. கடைச்சாவி அவளுடைய இடுப்பில். முப்பது வருஷமாகப் பஸ் நிலையச் சாலையில் மாசிலாமணி மெடிக்கல்ஸைத் திறந்து மூடிய மனுஷன், இனிமேல் காலையில் கடைப்பெண் ஃபிலோமினாவே திறந்துக்கட்டும், சாவியை நானே கொண்டுபோய்க் கொடுத்து வாங்கிக்கிறேன் என்று இவள் சொன்னபோது சரி என்றார். அவ்வளவு லேசாகச் சரி என்றார். அந்தச் சரிக்கு ஒரு சண்டை போட்டிருந்தால் அன்றைக்கு இவள் நிம்மதியாகத் தூங்கியிருப்பாள். எல்லாவற்றையும் விடக் கஷ்டம் வாயைக் காப்பதுதான். இத்தனை நாள் தெரியவே இல்லை, அவள் பேச்சில் பாதிக்குமேல் சாவுதான் என்று. உயிரை வாங்காதீங்க. சாவடிக்காதீங்க, சீக்கிரம் சாப்பிட்டு எந்திரிங்க. இப்படியே படுத்துக் கிடந்தா என்னத்துக்கு ஆவுறது. அப்பாடா செத்தேன். நான் போய்ச் சேர்ந்தாத்தான் தெரியும் இந்த வீட்டுக்கு. வாய் நிறைய இதுதான். காய்கறிக்காரனிடம், கேஸ்காரனிடம், மகளிடம், தனக்குத்தானே. இப்போது ஒவ்வொரு வாக்கியமும் இருட்டில் படி இறங்குகிற மாதிரி. காலை நீட்டி அடுத்த படி இருக்கிறதா என்று தடவித் தடவி வைக்கவேண்டும். போன வாரம் மிக்ஸி நின்றுபோக, "இது செத்துப்..." என்று ஆரம்பித்து, நடுவில் பிரேக் போட்டு, "இது இனிமே ஓடாது" என்று முடித்தாள். அறைக்குள்ளிருந்து அவர், "ஃபியூஸ் பாரு" என்றார். ஃபியூஸ்தான். அன்றைக்கு முழுக்க அந்த இரண்டு சொல்லை வைத்துக்கொண்டு அவள் சந்தோஷமாக இருந்தாள். ஃபியூஸ் பாரு. காதல் வசனம்.

எப்போது ஆரம்பித்தது என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. டாக்டர் கேட்பார், முதல் கேள்வியே அதாகத்தான் இருக்கும். ஐப்பசி மழையில் ஒருநாள் சாம்பாரில் உப்புப் போட மறந்திருந்தாள். அவர் பேசாமல் சாப்பிட்டு எழுந்தார். அதுதான் தொடக்கம் என்று அவளுக்குத் தோன்றுகிறது, ஆனால் அதை ஒரு டாக்டரிடம் எப்படிச் சொல்வது? உப்பு இல்லை டாக்டர், அவர் சொல்லவில்லை டாக்டர். மாசிலாமணி உப்பைப் பற்றி ஒரு கட்டுரையே வாசிக்கிறவர். கல்யாணமான புதிதில் அவள் வைத்த முதல் ரசத்தைக் குடித்துவிட்டு, "ஏய் கான்வென்ட்டு, இதுல சோடியம் எத்தனை மில்லிகிராம்னு நெனைக்கிற?" என்று கேட்டவர். அன்றிலிருந்து அவளுக்கு அதுதான் பெயர். விருந்தாளிகள் எதிரிலும் கான்வென்ட்டு, மாமனார் இறந்த வீட்டில் அழுதுகொண்டிருக்கும்போதும், "கான்வென்ட்டு, என் செருப்பு எங்க?" அவளுக்கு ஆத்திரமாக வரும். நாற்பது தடவை சொல்லியிருப்பாள், எனக்கு அப்பா அம்மா வைத்த பேர் இருக்கிறது, அதைச் சொல்லிக் கூப்பிட்டால் வாய் சுளுக்கிக்காது என்று. இப்போது சுகந்தி என்று கூப்பிடுகிறார். சுகந்தி, தண்ணி. சுகந்தி, லைட்டை அணை. தன் பெயரைக் கேட்டால் பள்ளியில் வருகை எடுக்கிற மாதிரி இருக்கிறது, எழுந்து நின்று உள்ளேன் ஐயா என்று சொல்லவேண்டும் போல. டி.வி.யில் எந்தக் கட்சிக்காரன் பேசினாலும் இங்கே உட்கார்ந்து பதில் பேசுகிறவர், அதற்காக அவள் ரிமோட்டை ஒளித்துவைத்த நாள் உண்டு, இப்போது அவளே வலிய டி.வி.யைப் போட்டு, விவாதம் வைத்து, சத்தத்தையும் கூட்டிவிட்டு வந்தாலும் எதிர்ச்சுவரில் வெள்ளை அடித்ததைப் பார்ப்பதுபோலப் பார்க்கிறார். மூன்று வாரத்துக்கு முந்தி ஒரு மத்தியானம். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, சட்டைப் பொத்தானைத் திருகியபடி, சாதாரணமாக, கடைச்சரக்கு பற்றிக் கேட்கிற மாதிரி கேட்டார்: "நான் இல்லைன்னா கடையை ஃபிலோமினா பாத்துக்குமா?" அவள் யோசிக்கவே இல்லை. வாய் அதுபாட்டுக்குச் சொல்லிவிட்டது: "ஏன், நீங்க எங்க போறீங்க? கலெக்டராவா?" அவர் தலையை ஆட்டினார். படுத்துக்கொண்டார். அவ்வளவுதான். ராத்திரி பாத்திரம் கழுவும்போதுதான் கை நின்றது. அந்த மனுஷன் ஒரு கதவைக் கால் அங்குலம் திறந்து காட்டினார், இவள் வேடிக்கையாகப் பேசி அதைப் படார் என்று சாத்திவிட்டாள். கலெக்டராவா. அப்படி ஒரு நாக்கு. மூன்று வாரமாக அந்தச் சொல் பல்லிடுக்கில் மாட்டிய நார் மாதிரி. எடுக்கவும் வரவில்லை, மறக்கவும் விடவில்லை.

சத்தம் ஏதாவது கேட்கிறதா? கேட்கவில்லை. ஃபேன் ஓடுகிறது. அவர் திரும்பிப் படுத்தால் கட்டில் கிரீச்சிடும், தொண்டையைச் செருமினால் தெரியும். மணி பத்தே காலுக்கு இரண்டு நிமிஷம். இன்னும் பத்தே கால்கூட ஆகவில்லை! மேசைமேல் எவர்சில்வர் கூஜா ஒன்று இருந்தது. அதன் வயிற்றில் கூடமெல்லாம் வளைந்து தெரிந்தது, ஜன்னல், காலண்டர், இவளுடைய மூக்கு ஒரு கத்தரிக்காய் அளவுக்கு, அதற்குப் பின்னால் அறைவாசல், வாசலுக்குள் கட்டிலின் கால். இன்னும் கொஞ்சம் தலையைச் சாய்த்தால் விரல் தெரியும். சாய்த்தாள். உடனே நிமிர்ந்தாள். பார்க்கமாட்டேன் என்றால் பார்க்கமாட்டேன்தான். கூஜா வழியாகப் பார்ப்பதும் பார்ப்பதுதான். ஜெபவேளையில் விரலிடுக்கு வழியாகப் பக்கத்துப் பெண்ணைப் பார்த்ததற்காக ஒரு பிற்பகல் முழுக்க முழங்காலில் நின்றவள் அவள். கூஜாவை நகர்த்தி அரிசி டின்னுக்குப் பின்னால் வைத்தாள். வைத்த பிறகு கூடம் திடீரென்று பெரிதாகிவிட்டது. யோசனை சொல்லாதவர்கள் யார்? முசிறி அண்ணி, அவருக்கு மூத்த அக்கா, "ஆம்பளைக்கு அம்பது தாண்டுனா அப்படித்தான் சுகந்தி, நாலு நாள் கொடைக்கானல் கூட்டிட்டுப் போ" என்றாள். கூட்டிப்போனாள். ஏரியையும் அதே வெள்ளையடித்த சுவராகத்தான் பார்த்தார். பூனாவிலிருந்து மகள் நிவேதா தினமும் அழைத்து, "அம்மா, அப்பாகிட்ட நிதானமாப் பேசும்மா, நீ பேசுனா ஆர்டர் போடுற மாதிரி இருக்கு" என்கிறாள். ஆமாம், தேனாகப் பேச ஒரு பெண்ணைப் பார்த்துக் கட்டியிருக்க வேண்டும் உங்கப்பா. அவரோ மருந்துக்கடைக்காரர்; தன் வியாதியைத் தானே பார்த்துக்கொள்வார். பி-12 குறைவு என்றார், பி-12 போட்டுக்கொண்டார். தைராய்டாக இருக்கும் என்றார், ரத்தம் கொடுத்தார். தைராய்டு பத்துவயசுப் பையனுக்கு இருப்பதுபோல் இருந்தது. வைட்டமின் டி, இரும்பு, ஈரலுக்கு ஒரு டானிக். கழுத்துக்குக் கீழே இருக்கிற எல்லாவற்றுக்கும் மருந்து சாப்பிட்டுவிட்டார். கழுத்துக்கு மேலே என்று அவள் ஆரம்பித்தாலே எழுந்து போய்விடுவார். இவ்வளவுக்கும் ஊரில் மற்றவர்களுக்கு அவரே சொல்லுவார், இதுக்கெல்லாம் நல்ல மருந்து வந்துடுச்சும்மா, பயப்படாதீங்க, ஆறு மாசம் ஒழுங்காச் சாப்பிட்டாப் போதும் என்று. எத்தனை பேரிடம் குனிந்து, மெதுவான குரலில். அவள் காதால் கேட்டிருக்கிறாள்.

இப்போது உண்மையாகவே சத்தமில்லை. உரித்த வெங்காயம் கையிலேயே நின்றது. கட்டில் கிரீச்சிட்டு எத்தனை நேரம் ஆயிற்று? பத்து நிமிஷமா, கூடவா? கதவு சாத்திய சத்தம் கேட்கவில்லை. சாத்தினாலும் தாழ்ப்பாள் கிடையாது. அந்த அறையில் என்னென்ன இருக்கிறது என்று மனசு ஒரு தடவை சுற்றி வந்தது. வாரத்துக்கு ஒருமுறை அவர் குளிக்கப் போகிற நேரம் பார்த்துச் சுற்றி வருகிற அதே சுற்று. பீரோ, அலமாரி, கட்டிலடி. ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லை என்று உனக்கு எப்படித் தெரியும்? திரும்பிப் பார்த்தால் அரை நொடி. பார்த்துவிட்டால் அவர் கண்ணில் பட்டுவிடும்; பார், ஒரு மணி நேரம்கூட உன்னால் முடியவில்லை என்று அந்தப் பர்ஸ் தொலைந்த முகம் சொல்லும்; பிறகு காரும் இல்லை, டாக்டரும் இல்லை. பார்க்காமல் இருந்து ஏதாவது ஆகிவிட்டால்? முதுகுத்தோல் முழுக்கக் காதாகிப்போனது. மாதாவே, என்றாள், பிறகு முருகா என்றாள். விடுதியிலிருந்து வந்த நாள்முதல் அவளுக்கு அவசரத்தில் இரண்டு பேரும் வருவார்கள், யார் முதலில் வருகிறார்களோ. கடைசியில் வெங்காயத்தைப் பார்த்துப் பேசினாள், சத்தமாக, தெருவுக்கே கேட்கும்படி. "பெரம்பலூர் வெங்காயம்னு சொல்லித்தான் குடுத்தான், பாருங்க, பாதி அழுகல். நாளைக்கு வரட்டும், அவனை உண்டு இல்லைன்னு பண்றேன்." பதில் இல்லை. "ஏங்க, கேக்குதா? பாதி அழுகல்ங்குறேன்." பதில் இல்லை. நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்தாள். எழுந்துவிட்டாள், பாதி. அப்போதுதான் ரப்பர் செருப்பு தரையில் தேய்கிற சத்தம். சரக், சரக். காலைத் தூக்கி வைக்காமல் இழுத்து நடக்கிற நடை, எத்தனை தடவை சொல்லியாயிற்று காலைத் தூக்கி வையுங்க என்று. உலகத்திலேயே இனிமையான சத்தம் அதுதான் என்று இன்றைக்குத்தான் தெரிந்தது. உட்கார்ந்தாள். கண்ணைப் பேசினிலேயே வைத்துக்கொண்டாள். பக்கத்து நாற்காலி இழுபட்டது. மூன்று நாள் குளிக்காத வாசனை, தலையணை வாசனை. ஒரு கை வந்து பேசினுக்குள் நுழைந்து ஒரு வெங்காயத்தை எடுத்தது.

அவர் வெங்காயம் உரிப்பது வேறு மாதிரி. முதலில் வேர்ப்பக்கம் கிள்ளி, தோலைக் கிழியாமல் ஒரே உறையாக உருவி, உரித்ததைத் தட்டில் வரிசையாக அடுக்குவார், மாத்திரை அட்டை மாதிரி ஐந்து ஐந்தாக. "நான் பாக்கலை," என்றாள் சுகந்தி. "தெரியும்." பத்துப் பதினைந்து வெங்காயம் போயிற்று. "ஃபாரத்துல என்ன எழுதுன?" என்றார். "என்னத்த எழுதுறது. பேரு, வயசு, விலாசம்." "தொழில்?" "மருந்துக்கடை உரிமையாளர்." "அங்க எல்லாம் உண்மையா எழுதிட்டு என்கிட்ட மட்டும் கண்ணு டாக்டர்னு சொன்னியாக்கும்." "அது ஃபாரம். நீங்க புருஷன்." அவர் மூக்கு வழியாக ஒரு காற்று வந்தது. சிரிப்பு இல்லை, சிரிப்பு முன்பு குடியிருந்த வீட்டின் கதவு காற்றில் அசைந்த மாதிரி. கான்வென்ட்டு என்று சொல்வார் என்று காத்திருந்தாள். சொல்லவில்லை. அடுத்த வெங்காயத்தின் வேரைக் கிள்ளிவிட்டு, "சீட்டு எழுதிக் குடுப்பார். அதை எங்க வாங்குவ?" என்றார். "திருச்சியிலயே வாங்கிக்கிறது. நம்ம கடைக்குத் தெரியவே வேணாம், ஃபிலோமினாவுக்கும் தெரிய வேணாம்." "அங்கயும் ஒருத்தன் பேப்பர்ல சுத்தித்தான் குடுப்பான்." அவளுக்குச் சட்டென்று புரியவில்லை. பிறகு புரிந்தது. மாசிலாமணி மெடிக்கல்ஸில் எல்லா மருந்துக்கும் காக்கிக் கவர். மனசுக்குத் தருகிற அந்த மாதிரி மாத்திரைக்கு மட்டும் செய்தித்தாள். மடித்து, சுற்றி, ரப்பர் பேண்டு போட்டு, கல்லாவுக்குக் கீழ்வழியாகக் கொடுப்பார். வாங்குகிறவர்களுக்குச் சங்கடமாக இருக்கக்கூடாது என்று முப்பது வருஷத்துக்கு முன் அவராகக் கண்டுபிடித்த மரியாதை அது. "பேப்பர்ல சுத்துனா யாருக்கும் தெரியாதுன்னு நெனச்சேன். கவுண்டர்ல நிக்கிறவன் எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கு. பேப்பர்னாலே அதுதான்னு. ஆனந்தவல்லி டீச்சர் மாசா மாசம் வருவாங்கள்ல, கணக்கு டீச்சர்? பஸ் ஸ்டாண்டுல பையிலேர்ந்து அந்தப் பொட்டலம் கீழ விழுந்துச்சாம். பொட்டலம் பிரியக்கூட இல்லை. ரப்பர் பேண்டு போட்ட பேப்பரைப் பாத்தே பசங்களோட அம்மாக்கள் பேசிக்கிட்டாங்களாம். அப்புறம் அவங்க கடைக்கு வரலை. போன வருஷம் எதுத்தாப்புல வந்தாங்க. நான் கும்பிட்டேன். அவங்க அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டாங்க." உரித்ததை வரிசையில் வைத்தார். "நானே சுத்தி வுட்ட பொட்டலம்டி. இப்ப எனக்கு ஒண்ணு வேணும்னு போய் நிக்கச் சொல்ற."

ஊர் வாய்க்குப் பயப்படுகிறார் என்றுதான் ஐந்து மாதமாக நினைத்திருந்தாள். அதற்குத் தயாராக எத்தனையோ பதில் வைத்திருந்தாள், ஊர் என்ன ஊர், நமக்குப் பொங்கிப் போடுகிறதா ஊர். இது வேறு. இதற்குப் பதில் தயாராக இல்லை, அதனால் அவள் வழக்கமான குரலே வந்துவிட்டது, காய்கறிக்காரனிடம் பேசுகிற குரல். "சுத்துனது தப்புன்னா நாளையிலேர்ந்து சுத்தாதீங்க. காய்ச்சல் மாத்திரையும் காக்கிக் கவரு, அதுவும் காக்கிக் கவரு. முடிஞ்சுது. டீச்சர் வீட்டுக்கு நான் போறேன், மன்னிப்பு கேக்கணும்னா நான் கேக்குறேன், எனக்கு அதெல்லாம் கூச்சமில்லை. ஆனா நீங்க மருந்து சாப்பிடாம கெடந்து அவங்களுக்கு என்ன வந்துச்சு? அவங்க கேட்டாங்களா?" சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள். நிவேதா கேட்டிருந்தால் தலையில் அடித்துக்கொண்டிருப்பாள். அவர் கோபப்படவில்லை. எழுந்தும் போகவில்லை. இருக்கிற தைரியம் தீர்வதற்குள் கேட்டுவிட வேண்டும். எத்தனை சொல்லைச் சுற்றி வளைத்து நடந்தாயிற்று, மிக்ஸியைக்கூடச் செத்துப்போனதாகச் சொல்லாமல். "அன்னிக்கு நீங்க கேட்டதுக்கு நான் ஏதோ உளறிட்டேன்," என்றாள் பேசினைப் பார்த்தபடி. "இப்ப நான் கேக்குறேன். செத்துடலாம்னு தோணுதா உங்களுக்கு?" ஃபேன் ஓடியது. பக்கத்து வீட்டில் குக்கர் ஒரு விசில் விட்டது. அவர் விரல்கள் வெங்காயத்தின் மேல் நின்றன. இரண்டாவது விசில் வந்தது. "அப்பப்ப," என்றார்.

பூமி பிளக்கும் என்று நினைத்திருந்தாள். பிளக்கவில்லை. இத்தனை நாள் வீட்டுக்குள் எங்கேயோ நடமாடிக்கொண்டிருந்த ஒன்று வந்து எதிர்நாற்காலியில் உட்கார்ந்துகொண்ட மாதிரி இருந்தது, அவ்வளவுதான். பயங்கரமாகத்தான் இருந்தது, ஆனால் எங்கே இருக்கிறது என்று இப்போது தெரிகிறது. கையைத் தண்ணீருக்குள் விட்டுக்கொண்டாள். தண்ணீர் ஜில்லென்று இருந்தது. "சரி," என்றாள். என்ன சரி என்று அவளுக்கே தெரியவில்லை. "என்கிட்டச் சொன்னீங்கள்ல. நல்லது. இனிமே தோணும்போதெல்லாம் சொல்லுங்க. பகல், ராத்திரி, நான் குளிச்சிக்கிட்டு இருந்தாலும் கதவைத் தட்டிச் சொல்லுங்க. எரிஞ்சு விழுவேன். விழுந்தாலும் சொல்லுங்க." அவர் உரித்த தோலைச் சேர்த்து ஒரு குவியலாக ஒதுக்கிக்கொண்டிருந்தார், மேசைத்துணியில் ஒன்றுமே ஒட்டாதபடி, மிகக் கவனமாக. "யாருக்கும் பாரமா இருக்கக்கூடாதுன்னுதான்..." என்று ஆரம்பித்தவர் முடிக்கவில்லை. "பாரமா? முப்பது கிலோ அரிசி மூட்டையை மாடிக்கு நான்தான் தூக்குறேன், நீங்க இடுப்பு வலின்னு பாத்துக்கிட்டு நிப்பீங்க. பாரம் எனக்குத் தெரியும்." வாசலில் கார் வந்து நிற்கிற சத்தம் கேட்டது. ஷாகுல் ஒருமுறை லேசாக ஹாரன் அடித்தான். மரியாதைக்காரன், வீட்டுக்காரர் உடம்பு சரியில்லை என்று தெரியும். மணி பத்து ஐம்பத்தைந்து. "வண்டியை அனுப்பிடு சுகந்தி," என்றார் அவர். "அனுப்பமாட்டேன். நிக்கட்டும்." "எனக்கு முடியலை." "தெரியும். முடியலைன்னுதானே போறது. முடிஞ்சா எதுக்கு டாக்டர்?" அவர் தோல்குவியலை இன்னும் கொஞ்சம் ஒதுக்கினார். "இப்ப ஒரு வார்த்தை சொன்னீங்கள்ல, அதை மட்டும் அங்க சொன்னாப் போதும். வேற ஒண்ணும் பேச வேணாம். நான் உள்ள வரலை. வெளியில பெஞ்சுல உக்காந்துக்குறேன். திரும்பி வர்றப்ப என்ன சொன்னார்னு கேக்கமாட்டேன். சத்தியமாக் கேக்கமாட்டேன். பிடிக்கலையா, அடுத்த தடவை வேணாம், அடுத்த தடவையை அப்புறம் பாத்துக்கலாம்." இவ்வளவு வாக்குறுதியையும் அவள் ஒரே மூச்சில் கொடுத்துவிட்டாள். எதைக் காப்பாற்ற முடியும் எதை முடியாது என்று பார்க்க நேரமில்லை.

கையைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு எழுந்து, முதல் தடவையாகத் திரும்பி அவரை நேராகப் பார்த்தாள். பார்த்தால் என்ன, வியாதி என்றால் வியாதியாக இருக்கட்டும். நரைத்த தாடி ஒருபக்கம் தலையணையில் அழுந்தி மடங்கியிருந்தது. பனியனில் சட்னிக்கறை. இத்தனை அசிங்கமாக இவரை அவள் பார்த்ததில்லை, இத்தனை பிரியமும் என்றைக்கும் வந்ததில்லை. எரிச்சலாகக்கூட இருந்தது அவளுக்கு, வருகிற நேரத்தைப் பாரேன். ஜன்னல் பக்கம் போய், "ஷாகுல், அஞ்சு நிமிஷம் இருப்பா," என்று குரல் கொடுத்தாள். "பரவால்லக்கா, மெதுவா வாங்க," என்றான் அவன், இன்ஜினை அணைத்தான். கொடியில் அவருடைய நீலச்சட்டை காய்ந்துகிடந்தது. எடுத்துவந்து உதறி, நாற்காலி முதுகில் போட்டாள். "இதை மட்டும் மாட்டிக்கிட்டு வாங்க. குளிக்க வேணாம், தலை சீவ வேணாம். இல்ல, சட்டைகூட வேணாம், துண்டைப் போத்திக்கிட்டு அப்படியே வாங்க." அவர் பேசினிலிருந்து இன்னொரு வெங்காயத்தை எடுத்தார். வேரைக் கிள்ளவில்லை. விரல்களுக்கிடையில் வைத்து உருட்டிக்கொண்டே இருந்தார். செய்யுங்க, எழுந்திருங்க, குடிங்க, போங்க, இதுதான் இருபத்தெட்டு வருஷமாக அவளுக்குத் தெரிந்த பாஷை. கெஞ்சுவது எப்படி என்று எந்த சிஸ்டரும் சொல்லித்தரவில்லை. அவர் தோளில் கையை வைத்தாள். எலும்பு தட்டுப்பட்டது.

"ஏங்க," என்றாள். "எனக்காக வாங்களேன்."

வெங்காயம் அவர் விரலுக்குள் உருண்டுகொண்டிருந்தது.

"வாங்களேன்."